பொடி டப்பா மூடி

வார்னிஷ் வாடை என்றால் இன்றைய பிள்ளைகளுக்குப் புதுக் கதவு ஞாபகத்துக்கு வரும். நம் வயதுக்காரர்களுக்கு வேறு ஞாபகம். எழுபத்து நான்கில் மதுவிலக்கு திரும்ப வந்ததும், சாராயம் கிடைக்காதவர்கள் மரச்சாமானுக்குப் பூசும் பிரெஞ்சு பாலிஷை வாங்கினார்கள். அதில் தண்ணீர் ஊற்றி, திரண்டு நிற்கும் அரக்கை எடுத்துவிட்டு, மிச்சத்தைத் துணியில் வடித்துக் குடித்தார்கள். சிலருக்குக் கண் போயிற்று, சிலருக்கு உயிரே போயிற்று. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன் மேல் அந்த வாடை அடித்தால், இவன் தச்சனாக இருக்குமோ என்று யாரும் யோசிக்கவில்லை. நீங்களும் யோசித்திருக்க மாட்டீர்கள். அதனால்தான் இதை, செங்கல்பட்டில் என்னோடு படித்தவர்களுக்காக எழுதுகிறேன்.

இருந்தாலும் இது குடித்தவர்களின் கதை ஆகாது. உள்ளங்கையில் நிற்கும் ஒரு கறுப்பு அம்பாசடரின் கதை. என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, மரத்தில் செதுக்கிப் பெயிண்டு அடித்த கார். போக வேண்டிய இடத்துக்கு ஒரு முறை போய்த் திரும்பி வந்து, என் அலமாரியில் இப்போதும் இருக்கிறது. ஒரு பக்கம் பளபளவென்று, மறு பக்கம் மங்கலாக.

வருஷம் 1976. நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை. மாமாவின் கல்யாணத்தை ரஜப் மாதம் பிறந்ததும் என்று பேசியிருந்தார்கள். அந்த வருஷம் ரஜப் ஜூன் கடைசியில் பிறந்தது என்பதைப் பிற்பாடு ஒரு பழைய நாட்காட்டியில் சரிபார்த்துக்கொண்டேன். என்ன பயன் என்று கேட்காதீர்கள். சரிபார்ப்பது என் நோய். சின்ன வயதிலேயே அப்படித்தான். பால்காரன் எந்தக் கிழமை வரவில்லை, அம்மா எந்தச் சேலையை எங்கே கிழித்துக்கொண்டாள், எல்லாம் என்னிடம் இருக்கும். வீட்டில் எனக்கு ‘தாசில்தார்’ என்று பேர். சண்டை வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கும் அதில் பெருமை.

செங்கல்பட்டு பஜாரில் அத்தாவுக்கு, அதாவது என் தகப்பனாருக்கு, இரும்பு, பெயிண்டுக் கடை. கடைக்குப் பின்னால் வீடு. மேலே ஒரு மாடி அறை, விற்காத சரக்கு வைக்க. மாமா எங்களோடுதான் இருந்தார், கடையைப் பார்த்துக்கொண்டார், மாடி அறையில் படுத்துக்கொண்டார். கார்கள் எல்லாம் அங்கேதான் பிறந்தன.

நான் பார்த்த முதலாவது, கோர்ட்டு வாசலில் நிற்கும் பச்சை ஜீப். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கியது. பேனாக்கத்திக்கே வளைந்து கொடுக்கும் மரம் அது. சக்கரத்துக்கு ஊசிமருந்துப் புட்டியின் ரப்பர் மூடி. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் கடைக்கு வந்தால் ஒரு பொட்டலம் வைத்துவிட்டுப் போவார். கண்ணாடிக்கு எக்ஸ்ரே படம். சோடா உப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தால், யாருடைய விலா எலும்போ கரைந்து போய்த் தெளிவான தகடு மிஞ்சும். பம்பருக்கு சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை ஒட்டி, மரம் தெரியாத வரை கட்டைவிரல் நகத்தால் தேய்க்க வேண்டும். பின்விளக்குக்கு உடைந்த சிவப்பு வளையல். பெயிண்டுக்குப் பஞ்சமில்லை, திறந்த டப்பாவின் மூடியில் ஒட்டியிருப்பதே ஒரு காருக்குப் போதும். கதவின் ஓரக்கோடு மாதிரி மெல்லிய வேலைக்கு மட்டும் என் பின்னல் நுனியிலிருந்து கொஞ்சம் முடி வெட்டித் துடைப்பக்குச்சியில் கட்டிக்கொள்வார்.

“பெயிண்டு யாரு வேணா அடிப்பான்,” என்பார். “வண்டி ஓடியிருக்கணும், தாசில்தாரே. ஓடாத வண்டிதான் பொம்மை.”

ஓட வைப்பதற்கென்று தனி வேலை இருந்தது. கடையில் கிடக்கும் பழைய ஆணிகளின் துருவைச் சுரண்டி மட்கார்டு ஓரத்தில் தொட்டு வைப்பார். ரோட்டுச் செம்மண்ணை மல்துணியில் சலித்து, சக்கரத்துக்குப் பின்னால் மட்டும் ஊதுவார். ஓட்டுநர் கை வைக்கிற ஜன்னல் விளிம்பில் பெயிண்டைத் தேய்த்து மங்க வைப்பார். “அங்கதான் முழங்கை இருக்கும்,” என்பார். கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓட்டுநர் உள்ளே உட்கார்ந்திருப்பதாக எனக்குத் தோன்றும்.

கல்யாணம் நிச்சயமானதும் ஒரு நாள் அத்தா மாடிக்கு வந்தார். வரிசையாக நின்ற வண்டிகளைப் பார்த்தார்.

“மச்சான், பொண்ணு வூட்லேர்ந்து யாராச்சும் வந்து இதப் பாத்தா இன்னா நெனப்பாங்க? இருபத்தாறு வயசு ஆளு பொம்மை வச்சி ஆடிகினு கீறான்னு சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும் மச்சான். சிரிச்சா நல்லதுதானே.”

“உனக்கு எல்லாம் வெளாட்டு. இனிமே இந்த மாடியில ஒரு பொம்மை நான் பாக்கக் கூடாது.”

“பாக்க மாட்டீங்க மச்சான்.”

மாமா பொய் சொல்லவில்லை. ஜீப்பும் மற்றதும் தெருப் பிள்ளைகளுக்குப் போயின. அடுத்த வண்டியை அத்தா பார்க்காத மாதிரி செய்தார், அவ்வளவுதான்.

பெண் வீடு புதுப்பட்டினத்தில். பெண்ணின் தகப்பனார் டாக்சி வைத்திருந்தார். கறுப்பு உடம்பு, மஞ்சள் தலை. மாமல்லபுரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நிற்கும். வெள்ளைக்காரர்களை வேடந்தாங்கலுக்குக் கூட்டிப் போகும், கல்பாக்கத்தில் வேலை பார்க்கும் என்ஜினியர்களை ரயிலுக்குக் கொண்டுவந்து விடும். அவரை நான் இனி டாக்சிக்காரர் என்றே சொல்கிறேன். உரத்த குரல், மூக்குப்பொடி, எல்லோரையும் கிண்டல். அவருக்கு ஒரு தம்பி இருந்தார். முந்தின வருஷம் பாலிஷ் குடித்து இறந்துபோனார். இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

சித்திரை கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெண்ணுக்குச் சேலை கொடுக்க அம்மா போனாள். நானும் கூட. மாமா துணைக்கு வந்தார். டாக்சிக்காரரே மாமல்லபுரத்திலிருந்து ஏற்றிப் போனார். நிக்காஹ் முடியும் வரை மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்கக் கூடாது என்பதால் மாமா வீட்டுக்குள் வரவில்லை. வெயிலில் டாக்சியோடு நின்றார். நான் உள்ளேயும் வெளியேயும் ஓடிக்கொண்டிருந்தேன். உள்ளே பெண், பத்தொன்பது வயசிருக்கும், என் தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்: “வெயில்ல இன்னா பண்றாரு உங்க மாமா?”

“காரைச் சுத்தி வராரு,” என்றேன்.

அதற்கு அவள் ஏன் அப்படிச் சிரித்தாள் என்று அப்போது புரியவில்லை.

உண்மையில் அவர் அளந்துகொண்டிருந்தார். சாணும் விரலுமாக, சாய்ந்து நிற்பது போல. டாக்சிக்காரர் வெளியே வந்தார்.

“இன்னா மாப்ள, வண்டிய நாலு சுத்து சுத்திட்ட. வாங்கப் போறியா?”

“சும்மா பாக்கறேன் மாமா.”

“பாரு பாரு. பொண்ணத்தான் பாக்க வுட மாட்டோம். வண்டியப் பாத்தா யாரு கேக்கப் போறா.”

முன்னால் இடது கைப் பக்கம், பெரிய விளக்குக்குக் கீழே இருக்கும் சின்ன விளக்கில் கண்ணாடி இல்லை. அந்த ஓட்டையில் ஒரு பித்தளை மூடி செருகியிருந்தது.

“இது இன்னா மாமா?”

“அத்த ஏன் கேக்கற. திருக்கழுக்குன்றத்துல ஒரு ஆடு. கண்ணாடியில தன் மூஞ்சியப் பாத்துது. புடிக்கல போல, முட்டிடிச்சி. வேற கண்ணாடி மெட்ராஸ்ல சொல்லி வச்சிகீறேன். அது வர்ற வரைக்கும் என் பொடி டப்பா மூடி.”

“அப்ப பொடி?”

சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்துக் காட்டினார். வாயில் காகிதம் வைத்து நூல் சுற்றியிருந்தது. “வண்டி ஒத்தக் கண்ணோட ஓடினா கேலி பண்ணுவானுங்க. பொடி எப்படிப் போனா யாருக்கு இன்னா?”

பஸ்ஸில் திரும்பும்போது அம்மா தூங்கிவிட்டாள். மாமா என் காதில் சொன்னார்: அந்த டாக்சியைச் செய்யப் போகிறார். மூடியோடு. நிக்காஹ் அன்று மாமனார் கையில் கொடுக்கப் போகிறார்.

“மாப்ளன்னா வாங்கறவன்னுதான் எல்லாருக்கும் தெரியும். நான் குடுக்கறேன். அது வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது. உங்க அத்தாவுக்குத் தெரிஞ்சா அடுப்புலதான் போகும். வாய் தொறக்க மாட்டியே?”

“சத்தியமா மாமா.”

“கார்னு ஒரு வார்த்த?”

“கார்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டேன்.”

வைகாசி முழுவதும் அந்த வேலைதான். பாலிஷ் அதற்கு இரண்டு விதத்தில் தேவைப்பட்டது. பெயிண்டு காய்ந்த பிறகு, பஞ்சை மல்துணியில் பொதிந்து, பாலிஷில் தொட்டுத் தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்த்தால் கறுப்பு தண்ணீர் மாதிரி மின்னும். டாக்சிக்காரர் தினமும் துடைத்த வண்டி அது. மின்னாவிட்டால் அவருடையது ஆகாது. இன்னொன்று, விளக்கைச் சுற்றி வரும் வளையம், ஸ்டீரிங், கதவுப் பிடி. அந்த அளவுக்கு மரத்தில் செதுக்க முடியாது. அதற்குத்தான் பாலிஷில் தண்ணீர் ஊற்றுவார். பால் திரிவது போல வெள்ளையாகி, அரக்கு கட்டியாகத் திரளும். அதை வெந்நீரில் போட்டால் பிசைந்த மாவு மாதிரி இளகும். இழுத்து, உருட்டி, வளைத்து வைத்தால் ஆறியதும் இறுகிவிடும். நான் வெந்நீர் கொண்டுவருவேன், வடிக்கும்போது துணியைப் பிடித்துக்கொள்வேன். வடித்த தண்ணீரை வீணாக்காமல் ஒரு புட்டியில் ஊற்றி, தூரிகையும் விரல்களும் கழுவ வைத்துக்கொண்டார்.

மாடியில் ஒரே ஜன்னல். வாடைக்கு எனக்கே தலை சுற்றும். மாமாவுக்குக் கண் சிவந்துவிடும்; வேலை முடிந்ததும் ஈரத்துணியைக் கண்மேல் போட்டுக்கொண்டு படுத்துக் கிடப்பார். பொடி டப்பா மூடியை ஒரு பித்தளை டிராயிங் பின்னின் தலையை அராவி அராவிச் செய்தார். உளுந்தில் பாதி இருக்கும். அதில் மூடிக்கு இருந்த வட்டக் கோடு கூட இருந்தது. அதைப் பொருத்திய அன்று, “இப்ப ஓடுது,” என்றார்.

அதே வாரத்தில் டாக்சிக்காரர் ஒரு நோயாளியை ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவர், கடைக்கு வந்து, மாமாவை முன்சீட்டில் உட்கார வைத்து டீக்கடைக்குக் கூட்டிப் போனார். போகும்போது இருந்த கிண்டல் திரும்பும்போது இல்லை. மாமாவை இறக்கிவிட்டு, கடைக்குள் வராமலே போய்விட்டார். மூக்குப்பொடிக்குப் பழகின மூக்குதான். ஆனால் அந்த ஒரு வாடை அவருக்குத் தன் வீட்டிலேயே பழகியிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அத்தாவோடு வீட்டுக்கு வந்தார். மாமா மதுராந்தகத்துக்குச் சரக்கு இறக்கப் போயிருந்தார். நான் உள்ளே அப்பளம் பொரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் குரல்கள் தாழ்ந்து இருந்தன. பிறகு அத்தா என்னைக் கூப்பிட்டார்.

“பாய், நான் சொன்னா நம்ப மாட்டீங்க. இதுக்கு வூட்ல பேரே தாசில்தாரு. ஒண்ணு கூட்டாது, ஒண்ணு கொறைக்காது. நீங்களே கேளுங்க.” என் பக்கம் திரும்பினார். “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு.”

அத்தாவுக்கு மாமா மேல் அத்தனை நம்பிக்கை. அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்.

டாக்சிக்காரர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். குரல் மிருதுவாக இருந்தது.

“உங்க மாமா மாடியில பாலிஷ் வச்சிகீறாராமா?”

“ஆமா. ரெண்டு புட்டி.”

“அதுல தண்ணி ஊத்துவாரா?”

“ஊத்துவாரு.”

“ஊத்தினா இன்னா ஆவும்?”

“வெள்ளையா திரிஞ்சிடும். அப்பறம் அரக்கு கட்டியா நிக்கும்.”

அத்தா சுவரிலிருந்து முதுகை எடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“வடிப்பாரா?”

“துணியில வடிப்பாரு. நான்தான் துணி புடிச்சிப்பேன்.”

கதவுக்குப் பின்னால் அம்மாவின் வளையல் சத்தம் கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டிருக்க வேண்டும்.

“வடிச்சத?”

“புட்டியில ஊத்தி வச்சிப்பாரு.”

“கண்ணு செவக்குமா அவருக்கு?”

“செவக்கும். ஈரத்துணி போட்டுக்கினு படுத்துப்பாரு.”

அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தேன். அந்தக் கட்டி எதற்கு என்று கேட்டால் என்ன செய்வது என்று யோசித்து வைத்திருந்தேன்: சத்தியம் பண்ணியிருக்கேன், சொல்ல மாட்டேன் என்று நிமிர்ந்து சொல்லிவிட வேண்டும். அவர் அதைக் கேட்கவில்லை. மாமா குடித்ததைப் பார்த்தாயா என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், இல்லை என்று சொல்லியிருப்பேன். அந்த ஒரு சொல் என் நாக்கில் தயாராகவே இருந்தது.

டாக்சிக்காரர் டப்பாவை எடுத்தார். நூலைப் பிரித்தார், பொடி எடுக்காமலே மறுபடியும் காகிதத்தைச் சுற்றினார்.

“என் தம்பிக்கும் நான்தான் பாய் துணி புடிச்சேன்,” என்றார். “மொத நாளு. அவனுக்குக் கை நடுங்கிச்சி. அண்ணே, கொஞ்சம் புடிச்சிக்கன்னான். புடிச்சேன்.”

எழுந்து அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “வேணாம் பாய். எம் பொண்ணுக்கு வேணாம். மன்னிச்சிக்கங்க.”

சாயங்காலம் மாமா வருவதற்குள் அத்தா மாடிக்குப் போய் இரண்டு பாலிஷ் புட்டியையும் சாக்கடையில் கவிழ்த்துவிட்டார். தெரு முழுக்க வாடை. மாமா செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்: “இன்னா மச்சான் கொட்டிட்டீங்க?”

அத்தா எல்லாவற்றையும் சொன்னார். மாமா முதலில் சிரித்தார். அத்தாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“நான் குடிக்கல மச்சான்.”

“குடிக்கறவன் எவன் குடிச்சேன்னு சொல்லிகீறான்?”

மாமா மாடிக்கு ஓடினார். காரை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். கடைசிப் படியில் நின்று, பெருநாள் சட்டையைக் காட்டுகிற பிள்ளை மாதிரி, இரண்டு கையிலும் வைத்து நீட்டினார். பாதிதான் பாலிஷ் போட்டிருந்தது. “இதுக்குத்தான் மச்சான்.”

அத்தா அதைப் பார்த்தார். பார்த்தார் என்பதற்கு நான் சாட்சி. ஆனால் அவர் கண்ணில் விழுந்தது அவர் தடுத்திருந்த பொம்மை மட்டும்தான்.

“கல்யாணம் நின்னு போச்சு. என் மானம் பஜாருல போவுது. நீ பொம்மை காட்றியா?”

மாமா கையை இறக்கிக்கொண்டார். அதற்குப் பிறகு எதையும் விளக்கவில்லை. இந்தக் காரை எடுத்துக்கொண்டு புதுப்பட்டினம் போயிருக்கலாமே என்று நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். சொந்த வீடு என்று நினைத்து ஒட்டிக்கொண்டிருந்த வீட்டிலேயே நம்பவில்லை என்றால், கால் எங்கே எழும்?

மாடியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “உன்னக் கேட்டாங்களா?”

“கேட்டாங்க.”

“கார் பத்திச் சொன்னியா?”

“இல்ல மாமா. ஒரு வார்த்த சொல்லல.”

என்னையே பார்த்தார். அந்தப் பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கோபம் இல்லை. பிறகு என் தலையில் கை வைத்தார்.

“நல்ல புள்ள,” என்றார்.

அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன். இதை மறைக்காமல் எழுத வேண்டும்.

மாமா பம்பாய்க்குப் போய்விட்டார். அங்கே ஒரு கார் ஷெட்டில் தெரிந்தவர் இருந்தார். போகும்போது காரை என்னிடம் கொடுத்து, “மீதி பாதிய நீ பூசிடு,” என்றார். பெண்ணுக்கு அதே ரஜப்பில், பேசின அதே தேதியில், அவளுடைய அத்தை மகனோடு நிக்காஹ் ஆனது. நாள் குறித்தாகிவிட்டது, ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. மாப்பிள்ளையை மட்டும் மாற்றினார்கள்.

அந்த வருஷ மழைக்காலத்தில் மாடி ஒழுகியது. சரக்கை நகர்த்தும்போது ஆணிப் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து அத்தா ஒரு புட்டியை எடுத்தார். மூடியைத் திறந்து முகர்ந்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கழுத்து வரை நிறைந்திருந்தது. அடியில் கறுப்பும் மஞ்சளுமாகப் பெயிண்டு படிந்திருந்தது. கழுவிய தூரிகையின் முடிகள் அதில் மிதந்தன, என் முடிகள். குடிக்கிறவன் எவன் வடித்ததை ஒரு வாய் தொடாமல் வைத்து, அதில் தூரிகை கழுவுவான்?

அத்தா ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் வாசற்படியில் நின்றேன். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

கீழே அம்மாவிடம் அவர் சொன்னது கேட்டது. “இப்பப் போயி சொன்னா கட்டிக் குடுத்த பொண்ணு காதுல வுழும். அதும் வாழ்க்கை இன்னா ஆவும்?”

அது சரியான பேச்சுதான். நான் இப்போதும் அதை மறுக்கவில்லை. ஆனால் பம்பாய்க்குச் சொல்வதில் யாருக்கு என்ன கெட்டுவிடும்? அதையும் அவர் செய்யவில்லை. அது அவசரநிலைக் காலம். பாலிஷ் விற்கிற கடைகள் மேல் அதிகாரிகளின் கண் இருந்தது. கடைப் பாலிஷ் மாடியில் எப்படி வந்தது என்று கேள்வி கிளம்பிவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். மச்சானிடம் தோற்றுப்போக மனமில்லாதது மறு பக்கம் என்று இன்று நினைக்கிறேன். அம்மா மௌத்தாகி அடக்கம் செய்தபோது மாமா வந்திருந்தார். ஓதி முடித்த அன்று அத்தாவும் அவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். அத்தா நல்ல கறித்துண்டுகளாகப் பார்த்து மாமா பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். அதை மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன். மாமாவுக்கு அது வெறும் கறி. தன்னைக் குடிகாரன் என்று மச்சான் கடைசி வரை நம்பியதாகவே அவர் நினைத்திருந்தார். எனக்கு அப்போது இருபதைத் தாண்டிவிட்டது. அத்தா சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவரும் போய்ச் சேர்ந்தார்.

அத்தா இறந்த மறு வருஷம், 1993இல், காரைக் கைப்பையில் வைத்துக்கொண்டு புதுப்பட்டினம் போனேன். மாமா அப்போது பம்பாயில்தான் இருந்தார், தனியாக.

டாக்சிக்காரர் வீட்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கிழடு தட்டியிருந்தது. வேப்பமரத்தடியில் பழைய அம்பாசடர் சக்கரம் இறங்கி நின்றது. பஜார் பெயிண்டுக்கடை வீட்டுப் பெண் என்றதும், “தாசில்தாரம்மாவா?” என்றார். உட்காரச் சொன்னார். நான் காரை அவர் கையில் வைத்தேன்.

முதலில் சிரித்தார். “அட, நம்ம வண்டி.” திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜன்னல் விளிம்பில் தேய்ந்திருந்த இடத்தைத் தடவி, தன் முழங்கையைப் பார்த்துக்கொண்டார். பிறகு முன்பக்கம் திருப்பினார். கட்டைவிரல் இடது சின்ன விளக்கில் வந்து நின்றது.

“இது மூடி,” என்றார்.

“ஆமா.”

“மூடி ஒண்ணரை மாசம்கூட இல்லியே. ஆடு முட்டினப்பறம் போட்டேன். கல்யாணம் நின்ன வாரம்தான் கண்ணாடி வந்துச்சி.” அவர் குரல் மெல்ல இறங்கியது. “அப்ப இத அவன் அந்த நாள்லதான் பண்ணிகீறான்.”

“உங்களுக்குத்தான். நிக்காஹ் அன்னிக்கு உங்க கையில குடுக்க.”

“அந்தக் கட்டி?”

“விளக்கு வளையம், ஸ்டீரிங்கு. பாருங்க.”

“வடிச்சது?”

“பிரஷ் கழுவ.”

விளக்கு வளையத்தை நகத்தால் தொட்டுப் பார்த்தார். “குடிக்கலியா அவன்?”

பதினேழு வருஷம் தயாராக இருந்த சொல். “இல்ல.”

“அன்னிக்கு ஏம்மா சொல்லல?”

சத்தியம் வாங்கியிருந்தார் என்று சொன்னேன். நீங்கள் கேட்கவும் இல்லை என்பது வாய் வரை வந்தது. அந்தக் கிழவரின் கையைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது. அவர் சட்டென்று தோள்துண்டை எடுத்துக் காரின் மேல் போட்டார்.

“பொண்ணு வந்துகீது. இவகிட்ட சொல்லாத தாயி. மூணு புள்ளைங்களோட நல்லாகீறா. இப்பப் போயி வேணாம். எனக்காக.”

நான் தலையாட்டினேன். பழகின தலை.

அவள் டீ கொண்டுவந்தாள். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. சிரிப்பு அதே சிரிப்பு. யார் என்று தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள், கனகாம்பரம் வைத்ததைச் சொன்னாள். பிறகு தகப்பனாரை ஒரு முறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“உங்க மாமா இப்ப எங்க கீறாரு?”

“பம்பாயில.”

“இப்பவாவது குடிக்காம கீறாரா?”

துண்டுக்கு அடியில் டாக்சிக்காரரின் விரல்கள் அசைந்தன. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

“இப்ப குடிக்கறதில்ல.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றாள் அவள், மனசு நிறைந்து. “தொழுகையில துவா கேட்டுகினே இருந்தேன்.”